காவிரிக் கரையில் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள்: திருச்சபைக்கு உள்ளும் அப்பாலும் ஒரு தேடல்



சமய நிறுவனங்களுக்கு உள்ளும் அப்பாலும் இறைவனைத் தேடுவது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இந்தப் பொருளைப் பொதுவாகப் பேசப் புகுந்தால் பேச்சு தானாகவே ஒரு பக்கம் சரிந்துவிடுகிறது. நிறுவனம் என்றால் சடங்கு, சொத்து, அதிகாரம். அனுபவம் என்றால் மௌனம், அன்பு, விடுதலை என்று பிரித்து வைத்துவிட்டு, ஒன்றைப் பழித்து மற்றொன்றைப் புகழத் தொடங்கிவிடுகிறோம். இந்தப் பிரிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையாகத் தேடியவர்களின் வாழ்க்கையை அருகில் சென்று பார்த்தால் கோடு அவ்வளவு நேராக ஓடுவதில்லை. எனவே இன்று ஓர் ஊரையும் அந்த ஊரில் வாழ்ந்த இரண்டு மனிதர்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதை அவர்களை வைத்தே சொல்லிவிட முடியும்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், குளித்தலையை ஒட்டி, காவிரியின் தென்கரையில் இருக்கிறது தண்ணீர்பள்ளி. அங்கே ஒரு தோப்புக்குள் 1950 மார்ச் 21 அன்று இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். மேலைத் திருச்சபையில் துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்டின் திருநாளாக அந்த நாள் கொண்டாடப்பட்டு வந்தது. தேதியை அவர்கள் தெரிந்தேதான் தேர்ந்தார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தோப்புக்குச் சாந்திவனம் என்று பெயர். இன்று உலகம் அதை அந்த இரண்டாம் பெயரால்தான் அறிகிறது.

மூத்தவர் ஜூல் மொன்ஷானன். 1895-இல் லியோனுக்கு அருகே ஃப்ளூரி என்ற ஊரில் பிறந்தவர். பெரிய படிப்பாளி. பிரான்சின் இறையியல் அறிஞர்கள் அவரைத் தேடி வந்து பேசினார்கள். 1932-இல் கடும் நோயில் விழுந்தபோது, பிழைத்தால் இந்தியாவுக்கு என் வாழ்வைக் கொடுப்பேன் என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தார். 1939-இல் திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அறிஞர்கள் அவையில் இருந்திருக்க வேண்டிய மனிதர் அடுத்த பத்தாண்டுகளைக் கிராமப் பங்குகளில் கழித்தார். ஏழைகளுக்குப் பூசை வைத்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்தப் பத்தாண்டுகளை ஒரு காத்திருப்புக் காலம்போல விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்தப் பங்குச் சாமியார் வாழ்க்கைதான்.

இளையவர் ஆன்றி லெ சோ. 1910-இல் பிரிட்டனி கடற்கரையில் சான் பிரியாக் என்ற ஊரில் பிறந்தார். 1929-இல் கெர்கோனான் பெனடிக்ட் மடத்தில் சேர்ந்தார். அங்கே நூலகத்தைக் கவனித்தார். வழிபாட்டுச் சடங்குகளை நெறிப்படுத்தும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. இலத்தீன் வழிபாட்டின் ஒவ்வொரு அசைவும், ஒவ்வொரு பண்ணும் அவர் உடம்பில் ஊறியிருந்தது. அப்படிப்பட்டவர் 1934 முதலே இந்தியாவுக்கு வர ஏங்கிக்கொண்டிருந்தார். மடம் விட்டுக் கொடுக்கவில்லை. நடுவில் போரும் வந்தது. 1947-இல் திருச்சி ஆயருக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினார். ஆயருக்குப் பிரெஞ்சு தெரியாததால் கடிதம் மொன்ஷானன் கைக்குப் போனது. தனியாளாக ஒரு கனவைச் சுமந்துகொண்டிருந்தவருக்கு அதே கனவைச் சுமக்கும் இன்னொருவர் எழுத்து வந்து சேர்ந்தது. 1948 ஆகஸ்டில் லெ சோ தமிழ்நாட்டுக்கு வந்தார். தமிழ் கற்றார்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் அவரை யாரும் நினைப்பதில்லை. திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சா. 1938-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த இந்தியர். இரண்டு வெளிநாட்டுக் குருக்கள் காவி உடுத்தி, வெறுங்காலோடு நடந்து, தரையில் உட்கார்ந்து உண்டு, புலால் மறுத்து, இந்துத் துறவியரைப் போல வாழ விரும்புகிறோம் என்று வந்து நின்றார்கள். அது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய காலம். பூசை இலத்தீனில்தான். பிற சமயங்களில் உண்மையும் புனிதமும் இருப்பதைத் திருச்சபை மறுப்பதில்லை என்று சங்கம் அறிவிக்க 1965 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்டவர்களுக்கு ஆயர் மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அனுமதி கொடுத்தார். நிறுவனம் எப்போதும் தடுப்பது, தேடுபவர் எப்போதும் தடையை மீறுவது என்ற கதையில் இந்த ஆயருக்கு இடமே இல்லை. ஆனால் இவர் இல்லாமல் சாந்திவனம் இல்லை. எல்லைவரை போக விரும்பும் ஒருவனைப் பார்த்துப் போய் வா என்று சொல்லவும், உனக்கு உணவுக்கும் கூரைக்கும் நான் பொறுப்பு என்று சொல்லவும் சபை ஒன்று வேண்டியிருக்கிறது.

துறவின் வரலாறே இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தில் அந்தோணியார் சொத்தை விட்டுப் பாலைவனத்துக்குப் போனார். அவர் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். போனவர்களுக்கு உணவு வேண்டும், நோயாளியைப் பார்க்க ஆள் வேண்டும், சண்டை வந்தால் தீர்க்கப் பெரியவர் வேண்டும். மடம் உண்டாயிற்று. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் ஒழுங்கு எழுதினார். சில நூற்றாண்டுகளில் அந்த மடங்களே ஐரோப்பாவின் பெரும் நிலவுடைமைகளாக ஆயின. அவற்றிலிருந்து விலகி மறுபடி சிலர் காட்டுக்குப் போனார்கள். விலகியவர்களே அடுத்த நிறுவனத்தைக் கட்டுகிறார்கள். அதைக் கண்டு சோர்வதற்கு ஒன்றும் இல்லை.

மொன்ஷானன் பரம அரூபி ஆனந்தர் என்றும், லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தர் என்றும் பெயர் ஏற்றார்கள். இரண்டாமவர் பின்னர் அபிஷிக்தானந்தர் என்று சுருக்கமாக அழைக்கப்பட்டார். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைச் சத்தாகவும் சித்தாகவும் ஆனந்தமாகவும் தியானிப்பது அவர்கள் வழி. அதற்கு ஒரு முன்னோடி உண்டு. வங்காளத்தின் பிரம்மபாந்தவ உபாத்யாயர் 1898-இலேயே சச்சிதானந்தனைப் போற்றி வடமொழியில் ஒரு துதி எழுதினார். ஜபல்பூரில் நர்மதைக் கரையில் கத்தோலிக்க மடம் ஒன்று நிறுவ முயன்றார். அவருக்குத் திருச்சபை அதிகாரிகள் இடம் கொடுக்கவில்லை. முயற்சி முளையிலேயே கருகியது. அரை நூற்றாண்டு கழித்துக் காவிரிக் கரையில் அதே விதை ஊன்றப்பட்டது.

ஊன்றப்பட்டதே தவிர, அந்த இருவர் காலத்தில் அது வளரவில்லை. இந்தியக் கிறித்தவ இளைஞர்கள் வந்து சேர்ந்து ஒரு துறவறக் குடும்பம் உருவாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். சிலர் வந்தார்கள், யாரும் நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பது முக்கியமான கேள்வி. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

ஆசிரமம் தொடங்குவதற்கு முன்பே, 1949 ஜனவரியில், மொன்ஷானனுடன் லெ சோ திருவண்ணாமலைக்குப் போனார். ரமணர் அப்போது இருந்தார். கண்டவுடன் ஆட்கொள்ளப்பட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். நடந்தது வேறு. எதிர்பார்ப்போடு போனவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சியது. ஆசிரமத்தில் தங்கியிருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி, நீங்கள் ஏராளமான கருத்துகளைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள், அவற்றை இறக்கிவைத்தால்தான் எதுவும் உள்ளே வரும் என்ற பொருளில் அவரிடம் சொன்னார். அவருக்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலில், அறிவு தளர்ந்து கிடந்த நிலையில், ஏதோ ஒன்று உள்ளே புகுந்தது. பின்னர் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் மறுபடி போனார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். சாந்திவனத்துக்கு அப்போது ஒரு மாத வயதுகூட நிரம்பவில்லை.

ரமணரைப் பற்றி நம் தலைப்போடு நேராகத் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. 1896-இல் பதினாறு வயதில் மதுரையை விட்டு அருணாசலத்துக்கு வந்தவர் அவர். எந்தக் குருவிடமும் தீட்சை பெறவில்லை. எந்த மடத்திலும் சேரவில்லை. முறைப்படி சந்நியாசமும் வாங்கவில்லை. அவரைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள், சமையற்கூடம் எழுந்தது, கோசாலை எழுந்தது, சொத்து சேர்ந்தது, வழக்கும் வந்தது. ஆசிரமம் யாருடையது என்று பழைய சீடர் ஒருவர் தொடுத்த வழக்கில் 1936-இல் ரமணர் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்க்கை நிலைகளான நான்கில் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, நான்கு ஆசிரமங்களுக்கும் அப்பாற்பட்ட நிலை என்று பதில் சொன்னார். அப்படிச் சொன்னவரே 1938-இல் முறையாக ஓர் உயில் எழுதி, ஆசிரம நிர்வாகத்தைத் தம் தம்பியிடம் ஒப்படைத்தார். அப்பாற்பட்ட நிலையில் இருந்தவர் உயிலும் எழுதினார். எனக்கு இந்த இரண்டுக்கும் இடையில் முரண் தெரியவில்லை. தம்மைச் சுற்றி அமைந்துவிட்ட அடுக்களையையும் அதை நம்பி உண்ணும் மனிதர்களையும் அவர் தம்முடையதல்ல என்று தள்ளிவிடவில்லை, அவ்வளவுதான்.

ரமணர் மறைந்த பின்பும் அருணாசலம் லெ சோவை விடவில்லை. 1952 முதல் 1955 வரை பலமுறை மலைக் குகைகளில் போய்த் தங்கினார். மௌனம் காத்தார், பிச்சை ஏற்று உண்டார். குகைக்குள்ளும் பூசை வைத்தார். இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனத்தில் நிறுத்திப் பாருங்கள். சிவனே மலையாக நிற்பதாக நம் மக்கள் கும்பிடும் அருணாசலத்தின் வயிற்றுக்குள், ஒரு பெனடிக்ட் துறவி அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கிறார். காலையில் அந்தப் பலி. மற்ற நேரம் முழுவதும் நான் யார் என்ற விசாரணை. பலியில் நான் வேறு, இறைவன் வேறு. நீயே என் ஆண்டவர் என்று அழைக்க வேண்டும். விசாரணையில் அழைப்பவனும் இல்லை, அழைக்கப்படுபவனும் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நாளில் நடந்தன.

அந்த அனுபவத்தை எழுத்தில் வைக்க முயன்றார். குகையின் உட்பகுதி என்று பொருள்படும் தலைப்பில் 1952, 53 வாக்கில் ஒரு நூலை எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். சபையின் தணிக்கையாளர் அதை வரிக்கு வரி மறுத்துத் திருப்பினார். பிழைக்கொள்கைகள் மலிந்த நூல் என்று தீர்ப்பு. லெ சோ மனம் உடைந்தார். அந்தக் காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு அவர் மறைந்த பின் 1986-இல் பிரெஞ்சிலும், அதற்குப் பின் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. வாசிப்பது எளிதல்ல. இந்து அனுபவம் உண்மை என்றால் என் விசுவாசம் என்னாவது, விசுவாசம் உண்மை என்றால் நான் கண்டது என்ன என்று பக்கம் பக்கமாகத் தவிக்கிறார். நரகம் குறித்த அச்சம்கூட இருக்கிறது. இந்த அச்சத்தைக் கண்டு சிரிக்கத் தோன்றலாம். சிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தன் விசுவாசத்தை அந்த அளவுக்குப் பொருட்படுத்தியவருக்கு மட்டுமே அந்த அச்சம் வரும்.

1955 இறுதியில் திருக்கோவிலூருக்கு அருகே தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்தார். ரமணரிடம் அவருக்குக் கிடைத்தது தரிசனம். ஞானானந்தரிடம் கிடைத்தது குரு. எதிரில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, அதட்டும் வாங்கி, அருளும் வாங்கும் உறவு. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அங்கே சில வாரங்கள் தங்கினார். அந்த உறவைப் பற்றிப் பின்னாளில் ஒரு தனி நூலே எழுதினார். ஞானானந்தர் அவரை மதம் மாறச் சொல்லவில்லை. உள்ளே மூழ்கச் சொன்னார். எதிலிருந்து மூழ்குவது என்பதை அவர் விசாரிக்கவில்லை.

இதையெல்லாம் மொன்ஷானன் எப்படிப் பார்த்தார்? கவலையோடு. அவரும் உபநிடதங்களில் தோய்ந்தவர்தான். ஆனால் அன்பு என்றால் இருவர் வேண்டும் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூவொரு கடவுளின் உள்ளேயே உறவு இருக்கிறது. அத்வைதத்தில் அந்த உறவு கரைந்துபோகிறது. ஆகவே இரண்டும் ஒரு நாளும் முழுதாகப் பொருந்தாது என்று கடைசிக் காலத்தில் மேலும் மேலும் உறுதியானார். தோழர் பெரும் பகுதி நேரம் அருணாசலத்தில் இருக்க, அவர் தண்ணீர்பள்ளித் தோப்பில் தனியே இருந்தார். உடல் நலிந்து சிகிச்சைக்குப் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1957 அக்டோபர் 10 அன்று பாரிசில் இறந்தார். இருவருக்கும் இடையிலான விவாதம் முடியவில்லை. அதில் யார் சரி என்று என்னைக் கேட்டால், மொன்ஷானன் எழுப்பிய கேள்விக்கு லெ சோவிடம் கோட்பாட்டளவில் பதில் இல்லை என்றே சொல்வேன். லெ சோ கண்டதை மொன்ஷானன் காணவில்லை என்றும் சொல்வேன்.

அப்படியானால் லெ சோ ஏன் வெளியேறவில்லை? 1950-களின் நடுவில் அவர் வெளியேறியிருக்கலாம். காவி இருந்தது, குரு இருந்தார், பிச்சை போட ஊர் இருந்தது. திருச்சபையைத் துறந்த துறவி என்று ஐரோப்பாவில் அவருக்குப் பெரிய வாசகர் கூட்டம்கூட இருந்திருக்கும். அவர் 1960-இல் இந்தியக் குடியுரிமை வாங்கினார். ஆனால் சாகும்வரை கெர்கோனான் மடத்துத் துறவியாகவே இருந்தார். கடைசிவரை பூசை வைத்தார். இதற்கு விளக்கமாக அச்சம், பழக்கம், ஐரோப்பிய நண்பர்களின் ஆதரவு என்று சொல்லலாம். அவையும் இருந்திருக்கும். என் கருத்து வேறு. அவர் கொடுத்த வார்த்தைப்பாடு அவரைப் பொறுத்தவரை வெறும் சட்டம் அல்ல. இறைவனை நோக்கி முதலில் முகம் திரும்பிய நொடி அதில் இருந்தது. அதை மறுத்துவிட்டு இன்னொரு முகத்தைத் தேடிப் போனால், தேடுபவனே பொய்யாகிவிடுவான் என்று அவர் உணர்ந்தார். அப்பால் போவதற்கு ஓர் உள் வேண்டும். உள்ளே ஆழமாக வேரோடாதவர் அப்பால் என்று சொல்வது பெரும்பாலும் பக்கத்துத் தெருவைத்தான். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இன்று இங்கே வந்தேன்.

இதைச் சொல்லும்போது நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். தணிக்கையாளர் அவர் நூலைத் திருப்பியது தவறு என்றே கருதுகிறேன். பிரம்மபாந்தவருக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிய தவறு. நிறுவனத்துக்கு உள்ளே இருப்பது என்றால் அதன் தவறுகளின் சுமையையும் சேர்த்து ஏற்பது. வெளியேறுபவருக்கு அந்தச் சுமை இல்லை. உள்ளே இருப்பவருக்கு உண்டு. லெ சோ அதைச் சுமந்தார். 1964-இல் இறையியலாளர் ரைமோன் பணிக்கருடன் கங்கோத்திரிக்கு நடந்து போய், கங்கை பிறக்கும் அந்தப் பனிநாட்டில் பூசை வைத்தார். அடுத்த ஆண்டு வத்திக்கான் சங்கம் பிற சமயங்கள் பற்றிய அறிவிப்பை வெளியிட்டது. 1969 ஏப்ரலில், இந்திய வழிபாட்டில் தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, ஆரத்தி எடுப்பது முதலான பன்னிரண்டு மாற்றங்களுக்கு ரோம் ஒப்புதல் கொடுத்தது. தண்ணீர்பள்ளியில் இரண்டு பேர் தனியே செய்துகொண்டிருந்ததில் ஒரு பங்கு, பத்தொன்பது ஆண்டுகளில் திருச்சபையின் ஏட்டில் ஏறிவிட்டது. அந்த ஒப்புதலுக்காகப் பாடுபட்டவர்களில் முன்னணியில் நின்றவர் ஒரு தமிழர், பெங்களூர் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் நிறுவனர் து. சா. அமலோற்பவதாஸ்.

இனி, தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். ஏன் யாரும் வந்து நிலைக்கவில்லை?

சாந்திவனத்தின் மீது இரண்டு பக்கத்திலிருந்தும் கண்டனம் வந்தது. இந்துக்கள் தரப்பில், காவியும் ஓங்காரமும் மதம் மாற்றும் தந்திரம் என்று சொன்னார்கள். சீதாராம் கோயல் 1988-இல் கத்தோலிக்க ஆசிரமங்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். லெ சோவின் நாட்குறிப்பை வாசித்த ஒருவர் அதைத் தந்திரம் என்று சொல்ல மாட்டார் என்பது என் எண்ணம். தந்திரக்காரனுக்கு அந்தத் தவிப்பு இராது. ஆனாலும், நூற்றாண்டுகளாக மிஷனரிகளைப் பார்த்துவந்த ஒரு சமூகத்துக்கு அந்த ஐயம் வருவதில் நியாயம் இருக்கிறது. அவர்களின் மனப்புண் உண்மையானது.

உள்ளேயிருந்து வந்த கண்டனம் இதைவிட ஆழமாகச் சென்றது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். அவர்களின் முன்னோர்களுக்கு அக்கிரகாரத்து வேதமும் வடமொழியும் காவியும் எதன் அடையாளங்கள்? தெருவில் நடக்க விடாத, கோயிலுக்குள் விடாத ஓர் ஒழுங்கின் அடையாளங்கள். அந்த ஒழுங்கிலிருந்து தப்பித்துத்தான் அவர்கள் கிறித்தவத்தில் சேர்ந்தார்கள். சேர்ந்த இடத்திலும் சாதி அவர்களைத் தொடர்ந்தது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்படுவதற்கு 1910 ஆனது. இத்தகைய மக்களுக்கு முன்னால் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் உபநிடதத்தையும் ஓங்காரத்தையும் கொண்டுவந்து வைத்து, இந்தியாவின் ஆன்மா இதுதான், இதன்வழியே கிறிஸ்துவைத் தேடுங்கள் என்றால், அவர்கள் எப்படி வருவார்கள்?

சாந்திவனம் தொடங்கிய அதே 1950-இல், ஆகஸ்ட் மாதம், குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வெளிவந்தது. இந்து சமயத்தைச் சேராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. பின்னர் 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரைச் சேர்க்கவில்லை. சேரியில் வாழும் கிறித்தவனுக்கு, தான் கும்பிடும் சாமியின் பெயரால் ஓர் உரிமை பறிபோயிற்று. அவனுக்குச் சமயத்துக்கு உள்ளே, அப்பால் என்ற பேச்சு ஞானத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. சாதிச் சான்றிதழைப் பற்றியதாக இருந்தது. காவிரிக் கரைத் துறவிகளின் எழுத்துகளில் இந்த ஆணைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அவர்கள் ஏழைகளை அறியாதவர்கள் அல்ல. மொன்ஷானன் அந்த ஏழைகளுக்கே பத்தாண்டுகள் பங்குச் சாமியாராக இருந்தார் என்று முன்பே சொன்னேன். இருந்தும், இந்தியாவைத் தேடியபோது அவர் பார்வை அந்தப் பங்கு மக்களின் முகத்தில் நிற்காமல் வடமொழி ஏடுகளுக்குப் போயிற்று. 1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு விதை ஊன்றிய உரையை நிகழ்த்தியபோது எழுந்த கேள்வி, தண்ணீர்பள்ளியையும் சேர்த்துக் கேட்ட கேள்விதான்: எந்த இந்தியா, யாருடைய இந்தியா?

வேறொரு வழியும் இங்கேயே இருந்தது. நம் சித்தர் மரபு வடமொழி ஏடுகளுக்கு வெளியே, சாதியை ஏசிக்கொண்டே இறைவனைத் தேடியது. திருச்சியிலேயே வாழ்ந்த தாயுமானவர் சமயங்களின் பூசலைக் கடந்த சமரசத்தைப் பாடினார். வடலூர் வள்ளலார் 1867-இல் முதலில் மூட்டியது பசித்தோருக்கான அடுப்பு. சத்திய ஞானசபை அதற்குப் பின் 1872-இல்தான் வந்தது. இந்த வழியாக அந்தத் துறவிகள் வந்திருந்தால் சேரியும் சாந்திவனமும் எங்கேனும் சந்தித்திருக்கக் கூடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1968-இல் லெ சோ சாந்திவனத்தை விட்டு உத்தரகாசிக்குப் போனார். ஆசிரமப் பொறுப்பை இங்கிலாந்திலிருந்து வந்து கேரளத்தின் குரிசுமலையில் வாழ்ந்துகொண்டிருந்த பீட் கிரிஃபித்ஸ் ஏற்றார். அவர் காலத்தில்தான் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1993-இல் அவர் மறையும்போது சாந்திவனம் பெயர் பெற்ற இடம். இன்றும் அங்கே மூன்று வேளை வழிபாடு நடக்கிறது. முதல் இருவரின் தனிமையில் தொடங்கியது நிறுவனமாக நிலைத்துவிட்டது. அதற்குப் பீட் கிரிஃபித்சின் பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உத்தரகாசியில் ஒரு சிறு குடிலில் கங்கையைப் பார்த்துக்கொண்டு லெ சோ வாழ்ந்தார். அங்கே பூசையின் செபங்களோடு உபநிடத மந்திரங்களும் சேர்ந்து ஒலித்தன. 1971-இல் பிரான்சிலிருந்து மார்க் ஷதூக் என்ற இளம் குருமட மாணவர் வந்து சேர்ந்தார். அவர் உருவில் லெ சோவுக்கு அதுவரை வாய்க்காத சீடர் கிடைத்தார். 1973 ஜூன் 30 அன்று ரிஷிகேசத்தில் அந்த இளைஞர் சந்நியாச தீட்சை பெற்றார். தீட்சை அளித்தவர்கள் இருவர். ஒருவர் லெ சோ, திருச்சபையின் குரு. மற்றவர் சிவானந்த ஆசிரமத்தின் தலைவர் சுவாமி சிதானந்தர். இரண்டு நிறுவனங்களின் பொறுப்பான மனிதர்கள், தத்தம் மரபில் நின்றபடியே, ஒருவனைக் கங்கையில் இறக்கி இரண்டுக்கும் அப்பால் அனுப்பிவைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 14 அன்று, ரிஷிகேசத் தெருவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது லெ சோவுக்கு மாரடைப்பு வந்தது. தெருவோரம் விழுந்து கிடந்த அந்த நேரத்தைப் பெரும் விழிப்பாகவே அவர் நண்பர்களுக்கு எழுதினார். வாழ்வும் சாவும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை என்றார். இருபதாண்டுத் தவிப்பு அந்தக் கடிதங்களில் இல்லை. பதில் கிடைத்ததாகவும் அவர் சொல்லவில்லை. கேள்வி கேட்டவனைக் காணவில்லை என்பதுபோல எழுதுகிறார். இந்தூரில் கன்னியர் நடத்திய மருத்துவ இல்லத்தில் டிசம்பர் 7 அன்று இறந்தார். சீடர் ஷதூக் 1977-இல் கங்கைக் கரையில் தம் குடிலிலிருந்து காணாமல் போனார். தேடியும் தடம் கிடைக்கவில்லை.

அந்த ஜூன் தீட்சை திருச்சபையின் எந்தச் சட்டத்திலும் அடங்காது. இந்துத் துறவியரின் தசநாமி மரபின் விதிகளிலும் அடங்காது. லெ சோவும் சிதானந்தரும் அதை அறிந்தே செய்தார்கள், யாருக்கும் எதிராகச் செய்யவில்லை. தம் வீட்டு விதிகளை வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட இருவருக்கு மட்டும் அந்த உரிமை இருந்தது என்று நான் நம்புகிறேன்.